தண்ணிய வுட்டுப் பாரு, அது சொல்லும்

செருப்பைக் கழற்றாதீர்கள், அப்படியே உள்ளே வாங்க. தரையெல்லாம் அலுமினியச் சுருள். வெறுங்காலில் ஒன்று ஏறினால் எடுக்க ஊசி தேட வேண்டும். இந்தக் கண்ணாடியை மாட்டிக்கொள்ளுங்கள். காதுக்குப் பஞ்சு அந்தப் பால்பவுடர் டப்பாவில் இருக்கிறது. ஆயிற்றா? என் பக்கத்தில் நில்லுங்கள், அந்தச் சிவப்புப் பொத்தான் கைக்கு எட்டுகிற தூரத்தில். ஏதாவது தப்பாகப் போனால் யாராயிருந்தாலும் அதை ஓங்கித் தட்டலாம். என்னைக் கேட்க வேண்டியதில்லை.

இப்போது கேளுங்கள்!

முதலில் ஒரு முனகல் வருகிறதா? அது மேசையைத் தள்ளும் மோட்டார். அதன்மேல் இன்னொரு குரல் சேர்கிறதே, அது தலையை இடவலமாக நகர்த்தும் மோட்டார். வட்டம் வெட்டும்போது ஒன்றின் சுருதி ஏற ஏற மற்றதன் சுருதி இறங்கும். கால்வட்டம் தாண்டியதும் இரண்டும் இடம் மாற்றிக்கொள்ளும். கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர்கள் உட்கார்ந்து சுருதி சேர்ப்பார்களே, கிட்டத்தட்ட அப்படி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டே தலை எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிவிடுவேன். ஆறு மாதமாகக் கேட்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

இதுதான் சி.என்.சி. மில்லிங் இயந்திரம். கணினி எண்களை அனுப்பும். சுழலும் வெட்டுமுனை அந்த எண்கள் சொல்லும் இடத்துக்குப் போய் வேண்டாததைச் சீவி எடுக்கும். மிச்சம் நிற்பது நாம் வரைந்த பொருள். அம்பத்தூரிலும் கோயம்புத்தூரிலும் தொழிற்சாலைகளில் இது ஒரு அறையை அடைத்துக்கொண்டு நிற்கும், விலை பல லட்சம். இங்கே நிற்பது அனுமந்தையில், எங்கள் வீட்டுப் பின்கட்டில், துவைக்கிற கல்லுக்கும் கிணற்றுக்கும் நடுவே சிமெண்ட் ஷீட் போட்ட கொட்டகையில். ஆன செலவு 43,250 ரூபாய். சீட்டுப் பணம் எழுதும் நோட்டிலேயே கடைசிப் பக்கத்தில் கணக்கு எழுதி வைத்திருக்கிறேன், காட்டுகிறேன் இருங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு அனுமந்தை என்றால் சுங்கச்சாவடி. காசைக் கட்டிவிட்டுப் புதுச்சேரிக்குப் பறந்துவிடுவார்கள். வடக்கே மரக்காணத்துப் பக்கம் உப்பளம், கிழக்கே குப்பமும் கடலும், மேற்கே சவுக்கும் வேர்க்கடலையும். எந்தப் பக்கமிருந்து காற்று அடித்தாலும் உதட்டை நக்கினால் உப்பு. இந்த உப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

அதோ, மூலையில் சாக்கு போட்டு மூடியிருப்பதுதான் மூத்தது, நான் செய்த முதல் இயந்திரம். சாக்கை எடுக்கிறேன். ஒட்டுப்பலகையில் உடம்பு, மேசை இழுப்பறைக்குப் போடும் டிராயர் சேனலில் கால். சின்ன மோட்டார் மூன்று, முனையைச் சுழற்ற ஒரு கைத்துளைப்பான் மோட்டார். ஒன்பதாயிரம் ரூபாய்க்குள் முடித்தேன். தெர்மாக்கோலில் என் தங்கை பெயரை வெட்டியபோது வீடே கொட்டகைக்குள் நின்றது! மரத்திலும் சுமாராக ஓடியது. அலுமினியத்தைக் காட்டினால்தான் உடம்பு முழுக்க உதறல். முனையைத் தொட்டு லேசாக அசைத்தால் அரை மில்லிமீட்டர் ஆடும். டிராயர் சேனல் அலமாரிக்கு என்று செய்தது. அதில் இருக்கும் ஆட்டம் அலமாரிக்கு ஒன்றும் செய்யாது. உலோகத்தில் முனை கடிக்கும் நேரத்தில் அந்த அரை மில்லிமீட்டர்தான் முனையை ஒடிக்கிறது.

ஆனால் மூத்தது செய்த ஒரு காரியத்துக்காகவே அதை உடைக்காமல் வைத்திருக்கிறேன். இளையதற்கு வேண்டிய துளை அச்சுப் பலகை அத்தனையையும் அதுதான் வெட்டிக் கொடுத்தது. மோட்டார் உட்காரும் தகட்டில் நான்கு துளை எங்கே வரவேண்டும், பேரிங் எங்கே உட்கார வேண்டும் என்று பலகையில் அது குறித்துக் கொடுக்க, அந்தப் பலகையை இரும்பின்மேல் வைத்து நான் துளை போட்டேன். இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்து ஏட்ரியன் போயர் 2005இல் ரெப்ராப் என்று ஒரு திட்டம் தொடங்கினார், தன் பாகங்களில் எத்தனை முடியுமோ அத்தனையையும் தானே அச்சடித்துக்கொள்ளும் முப்பரிமாண அச்சு இயந்திரம். அதைப் படித்தபோது வேடிக்கையாக இருந்தது. என் கொட்டகையில் ஒட்டுப்பலகை ஒன்று இரும்புக்குத் தாயானதைப் பார்த்தபோது நிஜமாகவே மயிர்க்கூச்செறிந்தது.

இப்போது நோட்டு. பழைய இரும்புக்கடையில் சதுரக் குழாய், 45 கிலோ, கிலோ ஐம்பது: 2,250. நேர்கோட்டுத் தண்டவாளம், அதன்மேல் வழுக்கும் கட்டைகளோடு மூன்று அச்சுக்கும்: 14,000. இதுதான் பெரிய தொகை, இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது. மோட்டாரின் சுற்றை நேர் நகர்வாக்கும் பால் ஸ்க்ரூ மூன்று, 9,000. மோட்டார் மூன்று, 5,400. அவற்றை ஓட்டும் டிரைவர் பெட்டிகள் 1,800. மின்சாரப் பெட்டி 1,600. மூளை, அதாவது ஆர்டுயினோவும் அதன்மேல் குத்தும் பலகையும் சேர்த்து 700 ரூபாய், ஆமாம், எழுநூறுதான்! தச்சர்கள் விளிம்பு ஓட்டும் டிரிம் ரூட்டர் 2,500. எபாக்சி 2,500. கம்பி, சுவிட்ச், போல்ட்டு, வெட்டுமுனை எல்லாம் 3,500. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

மூளைக்கு எழுநூறு, முதுகெலும்புக்கு இருபத்து மூவாயிரம். முதல் இயந்திரத்தில் இதைத் தலைகீழாகச் செய்திருந்தேன்.

அந்தக் குழாயைத் தட்டிப் பாருங்கள், விரல் முட்டியால். டொக் என்று செத்த சத்தம் வருகிறதா? வெறும் குழாயாக இருந்தபோது கோயில் மணி மாதிரி அதிர்ந்தது. உள்ளே கல் ஊற்றியிருக்கிறேன்! கிரஷர் தூளும் பொடிச் சில்லியும் எபாக்சி பசையும் கலந்து, எடையில் எட்டில் ஒரு பங்குதான் பசை, குழாய்க்குள் கொட்டித் தட்டித் தட்டி இறக்கியது. வெட்டும்போது முனை கிளப்பும் அதிர்வை இரும்பு பாடிக் காட்டும், இந்தக் கலவை விழுங்கிவிடும். நான் கண்டுபிடித்தது அல்ல. சுவிட்சர்லாந்தில் ஸ்டூடர் நிறுவனம் தன் அரைப்பு இயந்திரங்களின் அடிப்பகுதியை கிரானிட்டான் என்ற பெயரில் இப்படித்தான் வார்க்கிறது. அங்கே அவர்கள் சூத்திரம் வைத்துச் சலித்துச் சேர்க்கிறார்கள். நமக்கு வானூர், திண்டிவனம் பக்கத்துக் கல்குவாரித் தூள் இருக்கிறது, மூன்று கண் அளவில் மூன்று சல்லடை இருக்கிறது. பெரிய சில்லிக்கு நடுவே சின்னது, அதற்கு நடுவே தூள் என்று அடைபட்டால் பசை குறைவாகச் செலவாகும்.

கடல் பக்கத்திலேயே மணலைக் குவித்து வைத்திருக்கும்போது காசு கொடுத்துக் கல்தூள் எதற்கு என்று மச்சான் கேட்டான். நல்ல கேள்வி. கடல் மணலில் உப்பு இருக்கிறது. இரும்புக் குழாய்க்குள் அதை அடைத்து மூடினால் வெளியே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். ஒரு தம்ளர் கூடச் சேர்க்கவில்லை.

மொத்தம் இப்போது நூறு கிலோவுக்குப் பக்கம். நான்கு பேர் தூக்கி வைத்தோம். இயந்திரத்தை நிறுத்திவிட்டேன், முனையைத் தள்ளிப் பாருங்கள். பலமாக! அசையவில்லை அல்லவா? இந்த ஒரு நொடிக்காகத்தான் உங்களை இவ்வளவு தூரம் வரச் சொன்னேன்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

தண்டவாளம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அது உட்காரும் இடம் தட்டையாக இருக்க வேண்டும். வெல்டிங் பட்டறையில் ஒட்டிய குழாய் தட்டையாக இருக்காது. சூட்டில் இழுத்துக்கொண்டு, இங்கே முக்கால் மில்லிமீட்டர் மேடு, அங்கே அரை மில்லிமீட்டர் பள்ளம். பெரிய பட்டறைக்கு எடுத்துப் போய்ச் சீவி வாங்கலாம், கேட்ட கூலி என் மொத்தச் செலவில் கால்வாசி. மூன்று நாள் அரம் வைத்துத் தேய்த்தேன். ஒரு மேட்டை இறக்கினால் பக்கத்தில் இன்னொரு மேடு.

நான்காம் நாள் சித்தப்பா வந்தார். முப்பது வருஷம் உப்பளத்தில் பாத்தி கட்டியவர். தை, மாசியில் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தி, ஐப்பசி மழை இறங்கும்வரை வெயிலில் நின்ற கால்கள் அவருக்கு. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

“இன்னாப்பா தேய்ச்சிக்கினே இருக்க?”

“மட்டம் வரல சித்தப்பா.”

“மண்வெட்டியால எவனும் மட்டம் கட்ட முடியாது. தண்ணிய வுட்டுப் பாரு, அது சொல்லும்.”

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கு அரம் கையிலேயே நின்றுவிட்டது. உப்புப் பாத்தியில் தண்ணீர் இறங்கியதும் எந்த மூலை மேடு என்று காய்ந்த மண்ணே காட்டிக் கொடுக்கும். கொத்தனார்கள் டியூபில் தண்ணீர் பிடித்து இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் மட்டம் பார்ப்பதும் அதே தண்ணீர்தான். எனக்கு வேண்டியதெல்லாம் தன் மட்டத்தைத் தானே தேடிக்கொண்டு, அப்படியே கல்லாகிவிடுகிற தண்ணீர்.

அப்படி ஒன்று இருக்கிறது, நீர்த்த எபாக்சி! குழாயின் மேல்முகத்தில் இரண்டு பக்கமும் ஃபோம் டேப் ஒட்டி வரப்பு கட்டினேன், அசல் பாத்தி வரப்பு மாதிரியே. இடப்பக்கத் தண்டவாளத்துக்கு ஒரு பாத்தி, வலப்பக்கத்துக்கு ஒரு பாத்தி, இரண்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால். வாய்க்கால் இல்லாவிட்டால் இரண்டும் தனித்தனி மட்டத்தில் நின்றுவிடும். வாய்க்கால் இருந்தால் இரண்டும் ஒரே குளம். தண்டவாளத்தின் அகலத்தைவிடப் பாத்தி இரு பக்கமும் ஒரு விரல் கூடுதலாக இருக்க வேண்டும், ஏனென்றால் பசை வரப்போரத்தில் மேலேறி ஒட்டி நிற்கும், நடுவில்தான் நிஜமான மட்டம்.

சாயங்காலம் ஊற்றினேன். குமிழிகள் மேலே வர, முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினேன், ஒவ்வொன்றாக உடைந்தன. கண்ணாடி மாதிரி ஆனது. அதில் கொட்டகையின் பல்பும் என் முகமும் தெரிந்தன. அன்றைக்கென்று பார்த்து மழை விட்டிருந்தது. ஈசல்! நூற்றுக்கணக்கில்! விளக்கை அணைத்துவிட்டு, அம்மாவின் கொசுவலையை நால்வராகத் தூக்கிப் பிடித்து இயந்திரத்தின்மேல் போர்த்தினோம். இருட்டில் டார்ச் அடித்து இடுக்கியால் ஏழு ஈசலை எடுத்தேன். எட்டாவது இன்னும் உள்ளேதான் இருக்கிறது, பின்பக்கக் காலுக்கு மேலே, சிறகு விரித்தபடி. இப்படிக் குனிந்து பாருங்கள், தெரிகிறதா?

இரண்டு நாள் கழித்து டயல் கேஜ் வைத்து ஓட்டினேன். நூறில் ஒரு மில்லிமீட்டரைக் காட்டும் முள் அது. கையை வைத்தாலே துள்ளும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இரண்டு கோடு நகர்ந்தது, அவ்வளவுதான். 0.02 மில்லிமீட்டர்! சித்தப்பாவை வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். அவர் முள்ளைப் பார்க்கவில்லை, பாத்தியைப் பார்த்தார். “வரப்பு நல்லா புடிச்சிருக்க” என்றார்.

துல்லியம் கடையில் வாங்குகிற சரக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தட்டையான ஒன்று வேண்டுமானால் அதைவிடத் தட்டையான இன்னொன்று முதலில் வேண்டும், அது இருப்பது பணக்காரத் தொழிற்சாலையில். இது பழைய கேள்வி. 1840இல் கிளாஸ்கோவில் ஜோசப் விட்வொர்த் இதற்கு ஒரு பதில் வாசித்தார்: மூன்று தகடுகளை எடுத்துக்கொள், ஒன்றோடொன்று மாற்றி மாற்றி ஒப்பிட்டு மேட்டை மட்டும் சுரண்டு. இரண்டு தகடு என்றால் ஒன்று குழிந்து ஒன்று உப்பினாலும் பொருந்திவிடும். மூன்றும் தங்களுக்குள் பொருந்த வேண்டுமானால் மூன்றும் தட்டையாக இருந்தே ஆக வேண்டும். எந்த அளவுகோலும் இல்லாமல், வெறும் பொறுமையிலிருந்து பிறக்கும் தட்டை! அவர் பொறுமையிடம் கடன் வாங்கினார், நான் பசையிடம் வாங்கினேன்.

தட்டை முடிந்தது. செங்கோண மூலை கொத்தனாரிடமிருந்து வந்தது. மூன்று, நான்கு, ஐந்து. வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போது நூல் பிடித்து மூன்றடி, நான்கடி குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்ப்பார்களே, அதேதான். என் மேசையின் ஓட்டம் 300க்கு 200 மில்லிமீட்டர். அதில் 240க்கு 180 என்று நான்கு மூலையிலும் இயந்திரத்தையே துளை போடச் சொன்னேன். ஒவ்வொன்றிலும் 6 மில்லிமீட்டர் ஊசி. குறுக்கே 300 வரவேண்டும், ஊசியின் பருமன் போக இடைவெளி 294. தெரிந்த ஒரு டர்னரிடம் பெரிய வெர்னியர் இரவல் வாங்கி வந்தேன். ஒரு குறுக்கு 294.4, மற்றது 293.6. அதாவது 180 மில்லிமீட்டர் போவதற்குள் அரை மில்லிமீட்டர் சாய்கிறது. மேல்சட்டத்தின் போல்ட்டுகளைத் தளர்த்தி, ஒரு காலை ஒன்றேகால் மில்லிமீட்டர் முன்னே நகர்த்தினேன், மரச் சுத்தியால், கோழிக்குஞ்சைத் தட்டுகிற மாதிரி. திரும்பத் துளை, திரும்ப ஊசி. ஏழாவது தடவையில் இரண்டு குறுக்கும் ஒன்றானது. இரவு பதினொன்றரை. தெருவில் யாருமில்லை, யாரையாவது எழுப்பிச் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

அப்புறம் வெட்டுத் தலை மேசைக்குச் செங்குத்தா என்று பார்க்க வேண்டும். முனைக்குப் பதில் வளைத்த கம்பியில் டயல் கேஜைக் கட்டி மேசைமேல் வட்டமாகச் சுற்ற வேண்டும். சாய்ந்த பக்கத்துக்கு அடியில் கூல்டிரிங்ஸ் டின்னைக் கத்தரித்து ஒரு துண்டு. அந்தத் தகடு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் பருமன், அதைவிட மலிவான இடைத்தகடு எங்கும் கிடைக்காது.

சரி, உப்பை ஞாபகம் வைத்திருக்கிறீர்களா?

தண்டவாளம் வந்து இறங்கிய மூன்றாம் நாள் காலை. எண்ணெய் தடவாமல் விட்ட ஒரு சாண் நீளத்தில் செம்புள்ளிகள். மூன்றே நாளில்! உப்பளத்தில் உப்பு வாருவது மரப்பலகையால், அது ஏன் என்று அன்றைக்குத்தான் உடம்பில் உறைத்தது. காற்றின் ஈரப்பதம் முக்கால் பங்கு, அதாவது 75 சதவீதம் தாண்டினால், சாதா உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். இந்தக் கரையில் ராத்திரி என்றாலே அதற்கு மேல்தான். கண்ணுக்குத் தெரியாத உப்புத் தூசு இரும்பில் உட்காரும், விடியற்காலையில் அது ஒரு துளி உப்புநீர், துரு பிடிக்க அது போதும்.

அதற்காகத்தான் இந்தப் பெட்டி. ஒட்டுப்பலகைக்குள் படகுக்குப் போடும் தார்ப்பாய் விரித்திருக்கிறேன். உள்ளே எரிவது 40 வாட் குண்டு பல்பு. வேலை முடிந்ததும் மூடிவிட்டுப் பல்பைப் போட்டுவிடுவேன். உள்ளே காற்று சில டிகிரி சூடாக இருந்தாலே ஈரப்பதம் கீழே இறங்கிவிடும், உப்புக்குத் தண்ணீர் கிடைக்காது. கோழிக்குஞ்சுப் பெட்டியில் எரியுமே, அதே பல்பு. தண்டவாளத்துக்குத் தினமும் எண்ணெய், துடைக்க ஃபெல்ட் துண்டு. மின்பலகைகளின்மேல் இந்த மெரூன் நிறம் என்ன என்று கேளுங்கள். நெயில் பாலிஷ்! அண்ணியுடையது. செம்புக் காலெல்லாம் பச்சை பூக்கத் தொடங்கியதும் சூடான இடங்களையும் குத்துமுனைகளையும் விட்டுவிட்டு மீதிக்கெல்லாம் இரண்டு பூச்சு அடித்தேன். ஐந்து மாதமாகப் பச்சை இல்லை. அண்ணிக்குப் புதுப் புட்டி இரண்டாக வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

அந்த மெரூன் பலகையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இரண்டு தீப்பெட்டி அகலம். 1940களின் கடைசியில் அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பவர் விமானப்படைக்கு ஒரு யோசனை சொன்னார். ஹெலிகாப்டர் இறக்கையின் வளைவை அளக்க அவர் எண்களை அட்டவணையாகப் போட்டு வைத்திருந்தார், அந்த எண்களையே இயந்திரத்துக்கு நேராகக் கொடுத்தால் என்ன? எம்.ஐ.டி.யில் அதைச் செய்து 1952இல் காட்டினார்கள். துளையிட்ட நாடாவில் எண்கள் ஓட, நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழாய்கள் அலமாரி அலமாரியாகச் சூடேறி நின்று ஒரு மில்லிங் இயந்திரத்தை ஓட்டின. அந்த வேலையை இன்றைக்கு இந்தச் சில்லு செய்கிறது. 32 கிலோபைட் நினைவு, செல்பேசியில் எடுத்த ஒரு படத்துக்குக்கூடக் காணாது. நார்வேக்காரர் சீமன் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ரூட் 2009இல் எழுதி எல்லோருக்கும் திறந்துவிட்ட ஜிஆர்பிஎல் என்ற நிரல் அதற்குள் உட்கார்ந்து, நொடிக்கு 30,000 துடிப்பு வரை மோட்டார்களுக்கு அனுப்புகிறது. காசு வாங்கவில்லை.

கணக்கு எவ்வளவு அழகு பாருங்கள். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும். டிரைவர் ஒவ்வோர் அடியையும் எட்டாகப் பிரிக்கும், 1,600. ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் தள்ளும். ஆக ஒரு மில்லிமீட்டருக்கு 320 அடி. தலைமுடி ஒன்றின் பருமனுக்குள் இருபது அடிக்கு மேல் வைக்கலாம்! இரும்பு வளைவதும் சூட்டில் நீள்வதும் போக, என் கையில் நிற்பது 0.05 மில்லிமீட்டர். அதுவே எனக்குத் தாராளம்.

எல்லாம் ஒரே நாளில் ஓடிவிடவில்லை. ரூட்டரைப் போட்டதும் இயந்திரம் தானாக நின்றுவிடும். மோட்டார் தூரிகையின் பொறி கிளப்பும் மின்இரைச்சலை எல்லை சுவிட்சின் கம்பி பிடித்துக்கொண்டு, “முட்டிவிட்டேன்” என்று பொய் சொன்னது. கம்பிக்குச் சடைஉறை போட்டு, அதை எர்த்தில் கட்டி, ஒரு சின்ன மின்தேக்கி வைத்ததும் அடங்கியது. ஒரு தண்டவாளம் வளைந்து வந்தது, திருப்பி அனுப்பி வாங்கப் பதினெட்டு நாள். கரண்ட் போனால் தலை எங்கே நிற்கிறது என்பதை இயந்திரம் மறந்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் முதலில் மூலைக்குப் போய் சுவிட்சைத் தொட்டுவிட்டு வருகிறது, பார்த்தீர்களா? வாசற்படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வேலை தொடங்குகிற மாதிரி எனக்குப் படும்.

புனே மாவட்டத்தில் பாபல் என்று ஒரு ஊர். கல்பாக் என்ற அறிவியலாளர் 1983இல் அங்கே விஞ்ஞான் ஆசிரமம் தொடங்கினார், கையால் வேலை செய்து படிக்கும் பள்ளி. ஃபேப் லேப் என்றால் இந்த மாதிரி கணினி ஓட்டும் இயந்திரங்கள் வைத்த பொதுப் பட்டறை. எம்.ஐ.டி.க்கு வெளியே உலகின் முதல் ஃபேப் லேப் 2002இல் அமைந்தது அந்தக் கிராமத்தில்தான். நகரம் சலித்த பிறகு கிராமத்துக்கு வந்த சரக்கு அல்ல இது, முதலிலேயே அங்கே போனது. எனக்குச் சோர்வு வந்த நாட்களில் இந்த ஒரு செய்தி மிகவும் தெம்பாக இருந்தது.

முதல் அலுமினியம் வெட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒற்றைப் பல் முனை, 4 மில்லிமீட்டர். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று, ஒரு சுற்றுக்கு 0.03 மில்லிமீட்டர் கடி, ஆக நிமிடத்துக்கு 300 மில்லிமீட்டர் நகர வேண்டும். பயந்துகொண்டு மெதுவாக ஓட்டினால் முனை கடிக்காமல் தேய்க்கும், சூடேறும், அலுமினியம் இளகிப் பல்லில் ஒட்டும். தூளாக வந்தால் தப்பு, சுருளாக வந்தால் சரி. மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் தொடங்கினேன். (பக்கத்தில் நெருப்பு எதுவும் கூடாது, பல்பையும் அணைத்துவிட வேண்டும்.) முனை இறங்கியது. ஒரு சீறல். பிறகு வெள்ளி மழை! கம்மல் அளவு சுருள் சுருளாகத் தெறித்து என் சட்டைப் பைக்குள் விழுந்தது. அதை இன்னும் ஒரு தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன். அம்மா எட்டிப் பார்த்து, “இதுக்கா இவ்ளோ நாள்?” என்று கேட்டுவிட்டு, தானும் ஒரு சுருளை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுபடி ஓடவிட்டிருக்கிறேன். இப்போது மேசையில் ஓடுவது அலுமினியம் இல்லை. அந்த நீலப் பலகை தெரிகிறதா? உடைந்த பிளாஸ்டிக் பீப்பாய். பிளந்து, வெந்நீரில் போட்டு, கல் ஏற்றித் தட்டையாக்கியது. அதில் வருவது வலை ஊசி, குப்பத்தில் வலை கிழிசல் கட்டும் ஊசி. நடுவில் நாக்கு மாதிரி ஒரு கம்பு, அதில் நூலைச் சுற்றிக்கொண்டு கண் கண்ணாகக் கோப்பது. கடையில் கிடைப்பது இரண்டு மூன்று அளவில்தான். குப்பத்து மாமா ஒருவர் தம் தாத்தா காலத்து மூங்கில் ஊசியைக் கொண்டுவந்து கொடுத்தார். பாதி தேய்ந்தது, நாக்கு ஒடிந்தது. ஆனால் கைக்கு அப்படி உட்காரும் ஊசி வேறு இல்லையாம். அளந்து வரைந்தேன். போன வாரம் ஒன்று வெட்டிக் கொடுத்ததற்கு, வாங்கிப் பார்த்து, உள்ளங்கையில் உருட்டி, “மூக்கு தடிமனா இருக்கு தம்பி, சின்னக் கண்ணுல நொழையாது” என்றார்.

ஒரே ஒரு எண். மூக்கு அகலம் 5 என்று இருந்ததை 3.5 ஆக்கினேன். அவ்வளவுதான் வேலை!

நின்றுவிட்டது. ரூட்டர் அடங்கட்டும், கையை நீட்டாதீர்கள். இப்போது எடுக்கலாம். விளிம்பை நகத்தால் வழித்தால் பிசிறு வந்துவிடும், சூடாக இருக்கும், பிடியுங்கள். வெளியே திண்ணையில் பச்சை நைலான் நூலோடு உட்கார்ந்திருப்பவர் அந்த மாமாதான், காலையிலிருந்து காத்திருக்கிறார். நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். நாக்கில் நூலை மாட்டி, இடது கட்டைவிரலால் அழுத்தி, திருப்பித் திருப்பிச் சுற்றுகிறார் பாருங்கள், எவ்வளவு வேகம்! மடியில் கிடக்கிற வலையில் கிழிந்த கண்ணைத் தேடுகிறார். நுழைந்துவிட்டது.